நேர்த்தி மொட்டை

சரீப் நானாவுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த காசு இரண்டு இலட்சத்து முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய். வட்டமான தொகையைச் சொன்னால் பொய் மாதிரி இருக்கும் என்று, தலைமயிர் நடுகிற இடத்தில் எழுதித் தந்த துண்டில் இருந்ததை அப்படியே, ஐந்நூறையும் விடாமல் அவரிடம் சொன்னேன். அம்மாவின் கண் ஒப்பரேசனுக்கு என்று சொன்னேன்.

என் பெயர் சிவகரன். கண்டாவளைப் பக்கம் ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறேன். லொறியில் வருகிற நெல் மூட்டையைத் தலையில் வாங்கிக் களஞ்சியத்துக்குள் நடந்து அடுக்கில் சரிக்கவேண்டும். பதினெட்டு வயதில் தொடங்கிய வேலை. இருபத்தெட்டில் உச்சி தெரியத் தொடங்கியது. மூட்டை தேய்த்துத்தான் மயிர் போனது என்று நெடுநாள் நம்பியிருந்தேன். என்னோடு தூக்குகிற செல்வநாயகம் அண்ணைக்கு அறுபது வயதிலும் கருகருவென்று நிற்கிறதே என்று நான் யோசிக்கவில்லை.

எனக்குப் பட்டம் வைத்தவரும் அவர்தான். சுற்றிவரக் குளக்கட்டு மாதிரி மயிர் நிற்க, நடுவில் வெறுமையாக இருந்ததால், எங்கள் பெரிய குளத்தின் பெயரைச் சொல்லி, "இரணைமடு வத்திப்போச்சு" என்பார். மழை பெய்தால் என் தலையை எட்டிப் பார்த்து, "இண்டைக்கு எத்தினை அடி தண்ணி நிக்குது?" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால் அடுத்த நாளும் அதே கதைதான் நடக்கும்.

சிரிக்க முடியாமல் போனது பள்ளிக்கூடத்தில்.

எனக்கு எழுத்து முப்பது வயதுக்குப் பிறகு வந்தது. போரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, படிக்கிற வயது போய்விட்டது. மகள் தாட்சாயினி முதலாம் வகுப்பில் எழுதப் பழகியபோது பக்கத்தில் இருந்து நானும் பழகினேன். பிறகு மூட்டைகளில் மையால் எழுதியிருக்கும் பெயர்களை வாசித்து வாசித்து அது எனக்குள் ஊறியது. அவளுடைய தேர்ச்சி அறிக்கைக்குக் கையெழுத்து வைக்க எப்போதும் மனைவி சுபாஜினிதான் போவாள். மகள் ஏழாம் வகுப்புக்கு வந்த வருடம், "இந்த முறை நான் போறன்" என்று சொன்னேன். ஒரு மாதமாகப் பழைய கொப்பியில் கையெழுத்துப் போட்டுப் பழகியிருந்தேன்.

வகுப்புக்குப் புதிதாக வந்த ரீச்சர் என்னைப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டா.

"அப்பப்பாவோ? அப்பா வரேல்லையோ பிள்ளை?"

மகள் என் பக்கம் திரும்பவில்லை.

"அப்பாக்கு வேலை, ரீச்சர்."

"சரி, அப்பப்பா எண்டாலும் பரவாயில்லை. இதில வையுங்கோ ஐயா" என்று ரீச்சர் இடத்தை விரலால் காட்டினா. ஒரு மாதம் பழகிய கையெழுத்தை, என் அப்பாவின் இடத்தில் நின்று, என் மகளுக்கு அப்பப்பாவாக வைத்துவிட்டு வந்தேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தும்போது, "என்ன, வடிவா வைச்சனீங்களோ?" என்று சுபாஜினி கேட்டாள். "ஓம்" என்றேன்.

அந்தக் கிழமையே வவுனியாவுக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் அந்த இடம் இருந்தது. கீழே அறிவிப்புப் பலகையில் ஒரே ஆளின் இரண்டு படம், தலைமயிர் இல்லாமல் ஒன்று, இருந்து ஒன்று. எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு நின்றபோது தெருவில் போகிற எல்லாரும் என்னைப் பார்க்கிறமாதிரி இருந்தது. புடவைக் கடைக்குள் போகிறவன் போல நுழைந்து, சாறிகளுக்கு நடுவால் போய்ப் படியேறினேன்.

மேலே இருந்த பிள்ளை ஒரு பிளாஸ்ரிக் தலையை மேசையில் வைத்து, அதிலிருந்த மயிரைக் கழற்றி என் கையில் தந்தாள். யாரோ ஒருவருடைய மயிர். மெல்லிய வலையில் ஒவ்வொன்றாகக் கட்டியிருந்தது.

"இது ஒட்டுறது அண்ணா. வெட்டு இல்லை, நோவு இல்லை. இண்டைக்கே ஒட்டிக்கொண்டு போகலாம். எழுபதாயிரம். மூண்டு கிழமைக்கு ஒருக்கா வந்து கழட்டிக் கழுவி ஒட்டோணும், அதுக்கு ஐயாயிரம்."

"எவ்வளவு காலத்துக்கு நிக்கும்?"

"வடிவாப் பாவிச்சா ஒரு வருசம். பிறகு புதுசு."

அது கையில் ஒரு பூனைக்குட்டி மாதிரிக் கிடந்தது. மாசி மாத வெயிலில், தலையில் வியர்வையும் நெல்லுச் சுணையுமாக நான் மூட்டையைச் சரிக்க, சும்மாட்டுத் துணியோடு இதுவும் கழன்று செல்வநாயகம் அண்ணையின் காலடியில் விழுவதை நினைத்துப் பார்த்தேன். அவர் அதை ஈர்க்கில் தூக்கிக்கொண்டு மில்லைச் சுற்றுவார். மெதுவாகத் திருப்பிக் கொடுத்தேன்.

கொழும்பிலிருந்து மாதத்துக்கொரு முறை வருகிற டொக்டர் உள்ளே இருந்தார். நல்ல மனிதர். வெளிச்சத்தைப் பிடித்து என் தலையைப் பார்த்தார்.

"முதல்ல மருந்து தாறன், ஆறு மாசம் பூசிப் பாருங்க. இருக்கிற முடி விழாம நிக்கும். ஒப்பரேசன் பிறகு பாப்பம்."

"ஒப்பரேசன் எண்டா எப்பிடி டொக்டர்?"

"பின்பக்கத்து முடிய வேரோட எடுத்து உச்சியில நடுறது. புதுசா ஒண்டும் வராது, இருக்கிறத இடம் மாத்துறம். முழுக்க மூடவும் ஏலாது."

"நாத்து நடுற மாதிரி."

"அப்பிடித்தான்" என்று சிரித்தார். "நட்டதை மிதிக்கக்கூடாது. நீங்க என்ன வேல?"

என் இரண்டு கைகளும் மேசைக்கு மேல் இருந்தன. அவற்றை மடிக்கு இறக்கினேன்.

"மில்லில கணக்குப் பார்க்கிறனான்."

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. சரிந்த அந்தக் கதிரையில், அந்த ஏசிக் குளிருக்குள், மூட்டை தூக்குகிறவன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அப்ப பிரச்சின இல்ல. ஒரு கிழமை வீட்டில நிண்டிட்டு வேலைக்குப் போகலாம். பாரம் தூக்கிற ஆளெண்டா இரண்டு மாசத்துக்கு விடமாட்டன்."

மருந்தை நான் கேட்கவேயில்லை. ஆறு மாதம் பூசிக்கொண்டு இன்னும் இரண்டு முறை அப்பப்பாவாகக் கையெழுத்து வைக்க என்னால் முடியாது என்று நினைத்தேன். ஒட்டினால் விழும், நட்டால் விழாது. இவ்வளவுதான் நான் செய்த யோசனை. அவர்கள் செலவையெல்லாம் கூட்டி, ஒரு துண்டில் எழுதித் தந்தார்கள்.

சுபாஜினியிடம் மில் முதலாளி முற்பணம் தருகிறார் என்று சொன்னேன்.

"மூட்டை தூக்கிறத்துக்கு ஆரப்பா உங்கட மயிரைப் பாக்கிறது? எனக்கு உப்பிடியே காணும்."

"எனக்குக் காணாது" என்றேன். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் மகளைக் காட்டிக்கொடுத்த மாதிரி.

சரீப் நானா நெல் வியாபாரி. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். தண்ணீரூற்று என்ற ஊரில் கடை வைத்திருக்கிறார். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது போய், இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, இடிந்து கிடந்த கடையைத் தன் கையால் கட்டி எழுப்பியவர். முல்லைத்தீவுப் பக்கத்து நெல்லை வாங்கி லொறியில் எங்கள் மில்லுக்குக் கொண்டுவருவார். மூட்டைக்காரருக்கு வெயிலுக்குள் சோடா வாங்கித் தருகிற ஒரே வியாபாரி அவர்தான். அதனால்தான் அவரிடம் போனேன்.

அம்மாவின் கண்ணில் புரை இருந்தது உண்மை. இரண்டு கண்ணிலும் வெள்ளையாகப் படர்ந்து, ஆட்கள் நிழல் மாதிரித்தான் தெரிகிறார்கள் என்பா. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் காட்டிப் பெயர் பதிந்திருந்தோம். அதுவும் உண்மை. மிச்சம் பொய்.

"அரசாங்க ஆஸ்பத்திரியில நாள் கிடைக்க வருசம் ஆகும் நானா. யாழ்ப்பாணத்தில பிறைவேற்றில உடனே செய்வினமாம்."

அவர் துண்டைக் கேட்கவில்லை. உள்ளே போய் மனைவி லதீபா அக்காவோடு ஏதோ கதைத்தார். பிறகு ஒரு துணிப்பையோடு வந்து, மேசையில் வைத்து எண்ணினார்.

"இது நானும் அவவும் உம்றாவுக்குப் போகச் சேர்த்தது தம்பி. மக்கா அங்கேயே இருக்கும், எங்கையும் போகாது. தாயிட கண் அப்பிடி இல்லை. ஏலுமான நேரம் தா. வட்டி கிட்டி எண்டு கதைச்சா எனக்குக் கோவம் வரும்."

அந்த ஐந்நூறு ரூபாய்க்குத் தாள் இல்லாமல் கடைக் கல்லாவில் தேடி எடுத்துத் தந்தார். அதையும் வாங்கினேன்.

நான் தை மாதத்துக்குத்தான் நாள் கேட்டேன். அறுவடைக்கு முன்னர் மில்லில் வேலை குறைவு. தலைமயிர் நடுகிறவர்கள் மாசிக்குத் தள்ளிவிட்டார்கள். கொழும்பில் அந்த டொக்டரின் இடத்தில் ஒரு நாள் முழுக்கக் குப்புறவும் மல்லாக்கவும் கிடந்தேன். தலை முழுவதையும் வழித்துவிட்டு, ஒவ்வொரு வேராகப் பிடுங்கி, ஒவ்வொரு வேராக நட்டார்கள். ஆயிரத்து அறுநூறு. கண்ணாடியில் பார்த்தபோது உச்சி முழுக்கச் சிவப்புப் பொட்டுகள். ஆனால் அந்தப் பொட்டுகளுக்குள் நான் இருபது வயது ஆளாக நிற்கிற மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்லவேண்டும், அன்றைக்கு நான் சந்தோசமாக இருந்தேன்.

மொட்டைத் தலையோடு ஊருக்கு வந்தால் கேட்பார்களே. பஸ்ஸில் வரும்போதே அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போய்ச் சம்பளப் பாக்கி கேட்டபோது, செல்வநாயகம் அண்ணை விளிம்பால் எட்டிப் பார்த்தார்.

"என்னடா, கட்டும் உடைஞ்சு போச்சோ?"

"வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி அண்ணை. அம்மாட கண் சுகமானா மொட்டை போடுறன் எண்டு நேர்ந்தனான்."

அவருடைய முகம் மாறிப்போனது. அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் என் தலையைப் பற்றிப் பகிடி விடவில்லை. அன்றைக்கு நெல்லோடு வந்து நின்ற சரீப் நானாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். என் தோளில் கை வைத்து, "அம்மாவுக்குச் சுகமோ? வெளிச்சம் தெரியுதோ?" என்றார்.

"தெரியுது நானா."

நேர்த்திக்கு மொட்டை அடிக்கிறவன் மயிரை அம்மனுக்குக் கொடுக்கிறான். நான் மயிரை எடுத்து வைத்துக்கொண்டு அம்மனின் பெயரைச் சொன்னேன்.

ஒரு கிழமை வீட்டில் கிடந்தேன். மாசி அறுவடை ஒரே வீச்சில் வந்து விழுந்தது. மில் வாசலில் பன்னிரண்டு லொறி நிற்கிறது, நாளைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பிடிப்போம் என்று மில்லிலிருந்து போன் வந்தது. வீட்டில் அரிசிக்கும் காசில்லை. ஒன்பதாம் நாள் போனேன். முதல் மூட்டையைத் தோளில்தான் வாங்கினேன். பத்தாவது மூட்டையில் தோள் விட்டுப்போக, பழக்கம் தலைக்குத் தூக்கி வைத்தது. சும்மாட்டை மூன்று மடங்காக மடித்து வைத்திருந்தேன். பின்னேரம் அதைக் கழற்றியபோது துணியில் இரத்தமும், எறும்பு மாதிரிச் சின்னச் சின்ன மயிரும் ஒட்டியிருந்தன. அதைக் கிணற்றடியில் யாரும் பார்க்காமல் கழுவினேன். அடுத்த நாளும் தூக்கினேன்.

ஆறு மாதம் கழித்து, விதைப்புப் பிழைத்த வயல் மாதிரி, அங்கே ஒரு பிடி, இங்கே ஒரு பிடி முளைத்தது. முன்னரைவிடக் கேவலம். பின்பக்கத்தில் பிடுங்கிய இடமும் ஐதாகிவிட்டது. நான் தொப்பியைக் கழற்றுவதை விட்டேன்.

மகளிடம் ஒருநாள் கேட்டேன். "அண்டைக்கு ரீச்சர் என்னை அப்பப்பா எண்டு நினைச்சவா, என்ன?"

அவள் கொப்பியிலிருந்து நிமிர்ந்து யோசித்தாள். "எப்ப அப்பா? எனக்கு ஞாபகம் இல்லையே."

இவ்வளவோடு முடிந்திருந்தால் என் தலை, என் காசு, என் கடன் என்று நான் இதை எழுதாமலே விட்டிருப்பேன்.

அந்தச் சித்திரையில், நான் மொட்டையோடு வந்து இரண்டு மாதத்தில், அம்மாவின் பெயருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. கமலாசனி வீரகத்தி, கண் ஒப்பரேசனுக்கு வைகாசி பதினான்காம் திகதி வரவும் என்று. தபால்காரர் மில் வாசலில் என் கையில்தான் தந்தார். எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தேன். ஏற்கெனவே ஒப்பரேசன் செய்து, வெளிச்சம் தெரிந்து, நேர்த்தியும் தீர்த்த கண்ணை எப்படி மறுபடியும் ஒப்பரேசனுக்குக் கொண்டுபோவது? கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் எங்கள் ஊரார் ஒருவராவது நிற்காத நாள் கிடையாது. அங்கிருந்து கதை மில்லுக்கு வரும். மில்லிலிருந்து தண்ணீரூற்றுக்குப் போக ஒரு லொறிப் பயணம் போதும். கடிதத்தை மடித்து அலுமாரியில் என் உடுப்புக்கு அடியில் வைத்தேன்.

"நாள் இன்னும் வரேல்லையோ மோனே?" என்று அம்மா கேட்பா.

"வரும் அம்மா. கன சனமாம்."

ஒரு சதம் செலவில்லாத ஒப்பரேசன். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான். சரீப் நானா கிழமைக்கொரு முறை போன் எடுத்து அம்மாவைச் சுகம் கேட்பார். காசைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டார். நான் விறாந்தையில் நின்று மெல்லிய குரலில், "உங்கட காசாலதான் நானா, நல்லாத் தெரியுது, இப்ப ஊசியில நூல்கூடக் கோக்கிறா" என்பேன். அம்மா உள்ளே கட்டிலில் இருப்பா. கண் தெரியாதவர்களுக்குக் காது எவ்வளவு தூரம் கேட்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அப்படியே அடுத்த மாசியும் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சரீப் நானா மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பையில் தோடம்பழமும் பால்மா ரின் ஒன்றும். கடும் நீலத்தில் ஒரு சேட்டுப் போட்டிருந்தார்.

"உம்றாவுக்குப் போறம் தம்பி, வாற புதன். அவவிட தம்பி வெளிநாட்டிலயிருந்து காசு அனுப்பினவர். போறத்துக்கு முதல் பழகின சனத்திட்டப் போய்ப் பொருத்தம் கேக்கோணும், அது எங்கட வழமை. நான் உனக்கு ஏதும் பிழை விட்டிருந்தா, கோவத்தில ஏதும் கதைச்சிருந்தா, பொருந்திக்கொள். பொருந்திக்கொண்டன் எண்டு நீ வாயால சொல்லோணும்."

கடன் கொடுத்தவர் வந்து கடன்காரனிடம் மன்னிப்புக் கேட்கிறார். சுபாஜினி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மாட்டயும் கேக்கோணும். எங்க அவா?" என்று அவர் உள்ளே வந்தார்.

அம்மா கட்டிலில் எழும்பி இருந்து சீலையைச் சரிசெய்தா. அவர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார்.

"அம்மா, நான் சரீப். கண் இப்ப எப்பிடி?"

சுபாஜினி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். இப்போது அம்மா, எந்தக் கண், இன்னும் நாளே வரவில்லையே என்று சொல்லப்போகிறா. சொல்லட்டும், முடியட்டும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

"ஓம் தம்பி," என்றா அம்மா. "உங்கட புண்ணியத்தில வடிவாத் தெரியுது. நீங்கள் தந்த காசில மோன் கொண்டுபோய்ச் செய்விச்சவன். உங்கட முகமெல்லாம் தெரியுது. வெள்ளைச் சேட்டுப் போட்டிருக்கிறியள், என்ன?"

சரீப் நானா குனிந்து தன் நீலச் சேட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஓம் அம்மா," என்றார். "வெள்ளைதான். பயணத்துக்கு எடுத்தது."

அம்மா சிரித்தா. கையை நீட்டி, அவர் இல்லாத பக்கத்தில் அவருடைய கையைத் தேடினா. அவர் கதிரையை அந்தப் பக்கத்துக்கு நகர்த்தி, அவவின் கைக்குள் தன் கையைக் கொடுத்தார்.

ஒரு வருடமாக அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என் மானத்துக்காகத் தன் கண்ணை மூடிக்கொண்டு, நாள் வந்ததோ என்று மட்டும் இடைக்கிடை கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறா. எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது.

வாசல் படலையடியில் அவர் மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்தார். உடனே இயக்கவில்லை.

"தம்பி, அந்தக் காசு. அதை நான் விட்டிட்டன். மனசாரத்தான். போற பயணத்தில அந்தப் பாரம் எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம். எங்களைப் பொருந்திக்கொண்டன் எண்டு மட்டும் சொல்லு, நான் வெளிக்கிடுறன்."

ஒரு சொல் சொன்னால் போதும். இரண்டு இலட்சத்து முப்பத்தாறாயிரத்து ஐந்நூறும் அந்த இடத்திலேயே இல்லாமல் போகும். அவர் புதன்கிழமை பறந்துவிடுவார். உண்மையை மறைத்துவிட எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். வந்தது. ஆனால் அம்மாவின் கை, ஆள் இல்லாத பக்கத்தில் தடவிக்கொண்டிருந்தது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"நானா, அம்மாக்கு ஒப்பரேசன் செய்யேல்லை."

"சேட்டு நீலம் எண்டு எனக்கும் தெரியும் தம்பி." அவர் கோபப்படவில்லை. "கஸ்ரத்தில வேறெதுக்கும் செலவாகியிருக்கும். பிள்ளைக்கோ, சாப்பாட்டுக்கோ. நான் கேக்கேல்லை."

"சாப்பாட்டுக்கு இல்லை நானா." தொப்பியைக் கழற்றினேன். வெளியில், வெளிச்சத்தில், பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறை. "இதுக்கு."

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. இறங்கி வந்து, என் தலையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே ஒரு பிடி, இங்கே ஒரு பிடி.

"தலைமயிருக்கோ?"

"ஓம்."

"அப்ப அந்த நேர்த்தி?"

"அதுவும் பொய்."

"அரசாங்க ஆஸ்பத்திரியில கண்ணுக்குக் காசில்லை எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். கடிதமும் வந்தது. நான்தான் ஒளிச்சு வைச்சனான். செய்தா உங்களுக்குத் தெரிஞ்சுபோம் எண்டு."

அவர் சிரித்தார், ஆனால் அது சிரிப்பு இல்லை.

"நான் அங்க போய் உம்றா முடிச்சு, கடமைக்குத் தலையைச் சும்மா வழிச்சு எறியப் போறன். நீ அந்தப் பயணக் காசில நட்டு வைச்சிருக்கிறாய். அதுவும் முளைக்கேல்லை." தலையை ஆட்டினார். "தாயிட கண்ணெண்டு நினைச்சு விட்டனான். பசியெண்டாலும் விட்டிருப்பன். இதை விடமாட்டன் தம்பி. மாசம் பன்னிரண்டாயிரம். ஒரு சதம் குறையாம, ஐந்நூறோட. விளங்குதோ?"

"ஓம் நானா."

"நாளைக்குக் காலமை அந்தக் கடிதத்தோட தாயைக் கூட்டிக்கொண்டு போ. முதல் அது."

"ஓம்."

மோட்டார் சைக்கிளை இயக்கினார். பிறகு நிறுத்தினார்.

"நீ இன்னும் சொல்லேல்லை."

"என்ன நானா?"

"பொருந்திக்கொண்டன் எண்டு. நான் வெளிக்கிடோணும்."

நான் ஏமாற்றிய மனிதர், நான் தன்னை மன்னிக்கவேண்டும் என்று படலையடியில் காத்துக்கொண்டு நிற்கிறார். அதைவிட ஒரு அடி அடித்திருக்கலாம். "பொருந்திக்கொண்டன் நானா" என்று சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். தான் என்னைப் பொருந்திக்கொண்டதாக அவர் சொல்லவில்லை.

படலையடிக் கதை முழுக்க வீட்டுக்குள் கேட்டிருக்கிறது; திரும்பி வந்தபோது சுபாஜினி கடிதத்தை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். என் உடுப்பெல்லாம் நிலத்தில் கிடந்தன. "முதலாளி தந்த முற்பணம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு பதினொரு நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை மகளிடம் கொடுத்து அனுப்பினாள்.

ஆஸ்பத்திரியில், நாள் தவறிவிட்டது என்று ஏசிவிட்டுப் புது நாள் தந்தார்கள். ஏன் வரவில்லை என்று தாதி கேட்டபோது அம்மா முந்திக்கொண்டு, "எனக்குத்தான் பயம் பிள்ளை, நான்தான் வரமாட்டன் எண்டனான்" என்றா.

பங்குனிக் கடைசியில் ஒரு கண் செய்தார்கள். மறுநாள் கட்டை அவிழ்க்கும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றேன். அம்மா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, தாதியைப் பார்த்தா, ஜன்னலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"ஆர் பிள்ளை இந்த ஐயா?" என்று தாதியிடம் கேட்டா.

தாதி சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினா.

"நான்தானம்மா."

அம்மா என் தலையிலிருந்து கால்வரை பார்த்தா. "உந்தத் தலைக்கோ மோனே அவ்வளவு காசு?" என்றா. பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு, அந்தச் சிதறல் மயிர்களை விரலால் ஒரு பக்கமாக வாரிவிட்டா. அது ஒரு பக்கத்துக்கும் போகவில்லை.

அன்றைக்குப் பின்னேரமே சலூனில் அதை முழுக்க வழித்தேன். நேர்த்தி இல்லை. செல்வநாயகம் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கன நேரம் பீடியைப் பற்றவைக்காமல் கையில் வைத்திருந்தார். "அம்மன்ர பேரைச் சொல்லி என்ர வாயை ஒரு வருசம் கட்டிப்போட்டாய், நாயே" என்றார். அடுத்த நாள் காலையில் மூட்டையை என் தலையில் ஏற்றும்போது, "குளம் வத்தினது காணாதெண்டு கட்டையும் வெட்டிப்போட்டான் பாருங்கோடா" என்று எல்லாருக்கும் கேட்கச் சத்தம் போட்டார்.

சரீப் நானாவுக்கு மாதம் பன்னிரண்டாயிரம் கொடுத்தேன். மில் முடிந்து பின்னேரங்களில் மண் ஏற்றப் போனேன். காசு கொடுக்கத் தண்ணீரூற்றுக்குப் போகும்போது அவர் எண்ணுவார், கொப்பியில் குறிப்பார், "சரி" என்பார். தேத்தண்ணி தருவார். வேறு கதை இல்லை. முன்னர் மாதிரித் தோளில் கை வைக்கமாட்டார். நானும் எதிர்பார்க்கவில்லை. பத்தொன்பது மாதம் அப்படிப் போனது.

இருபதாவது மாதம் மிச்சம் எட்டாயிரத்து ஐந்நூறு. கடைசி ஐந்நூறு ரூபாய்த் தாளை மேலே வைத்துக் கொடுத்தேன். அவர் எண்ணி முடித்து, என் பெயர் இருந்த பக்கத்தை நடுவால் ஒரு கோடு கீறி, கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"வாசி."

வாசித்தேன். கோட்டுக்குக் கீழே "முடிந்தது" என்று எழுதியிருந்தது.

எழும்பிப் படியால் இறங்கும்போது பின்னால் கூப்பிட்டார்.

"தம்பி. அம்மாட்டைச் சொல்லு, இண்டைக்கு நான் வெள்ளைச் சேட்டுத்தான் எண்டு."

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைதான்.